மாரிக்கொழுந்தின் பழைய சாவி

ஆலந்துறைப்பட்டினத்து உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் நாற்பத்தொரு பேர் கூடி உட்கார்ந்து ஒருவர் பூட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையிலிருந்து, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது வேறு யாருக்கும் விளங்காமல் போயிற்று. டீக்கடையில் சங்கத் தலைவர் தங்கப்பழம் தன் மச்சானிடம் ஏதோ சொன்னார், மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார், ஆனால் நடுவில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் காதில் விழுந்ததோ 'ஙூ ஏழு றெ பௌ ஒன்பது' என்பது மாதிரி ஒன்று. அவர் இரண்டு கிளாஸையும் பெஞ்சில் வைத்துவிட்டு, சீனி போதுமா என்று கேட்டார்.

இதற்கெல்லாம் பெர்சிஸ் டீச்சர்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்ததால் டீச்சர் என்று பெயர் நிலைத்துவிட்டதே தவிர, இப்போது அவள் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். மதுரை வக்கீல் ரஷீதா பானுவுக்குச் சங்கம் என்ன மெயில் அனுப்பினாலும், அதிலிருப்பது மறுநாளே அளத்து முதலாளிமார் வாயிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. இனிமேல் பூட்டிய மெயில் மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட, பெர்சிஸ் மூன்று வாரம் உட்கார்ந்து படித்தாள். ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. பூட்டை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், அதை வைத்து யார் வேண்டுமானாலும் உங்களுக்கு எழுதுவதைப் பூட்டி அனுப்பலாம், திறக்க மட்டும் உங்கள் சாவி ஒன்றால்தான் முடியும். சாவி பென் டிரைவில் இருக்கும், பென் டிரைவ் கழுத்தில் தொங்கும். பூட்டுக்கு நாற்பது எழுத்தில் ஒரு கைரேகை உண்டு. சொந்தக்காரர் அதை வாய்விட்டு வாசிக்க, எதிரில் இருப்பவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, முகத்தையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, இது இன்னாருடைய பூட்டுதான் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"கையெழுத்துப் போட்டா இவரு நல்லவருன்னு அர்த்தம் இல்ல," என்று அன்றைக்குப் பெர்சிஸ் எல்லோருக்கும் சொன்னாள். "இவரு இவருதான்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"பிறந்ததுலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். இவன் இவன்தான்னு நான் வேற சொல்லணுமாக்கும்?" என்றார் தங்கப்பழம்.

"சொல்லணும் அண்ணாச்சி."

சொன்னார்கள். சொன்னபின் பூட்டு மெயிலோடு நிற்காமல் வாயிலும் ஏறிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தில் பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. முதல் வாரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து சங்கத்து வாசலில் உட்கார்ந்து, உள்ளே பேசியதையெல்லாம் காதில் விழுந்தபடியே இரண்டு பக்கம் எழுதி, ஸ்டேஷனில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இரண்டாவது வாரத்தில் பங்குச் சாமியார் தனக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்று வந்தார், ஏனென்றால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது அவருக்கு நெடுநாள் மனக்குறை. மூன்றாவது வாரத்தில் மாமியார்கள் வந்தார்கள், நாலாவது வாரத்தில் மருமகள்கள் வந்தார்கள், அதற்குப் பிறகு யார் வந்தார்கள் என்று பெர்சிஸ் எண்ணுவதை விட்டுவிட்டாள். நகைக்கடைக்காரர் பென் டிரைவுக்கு வெள்ளியில் கூடு அடித்து விற்றார். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்பதற்கு முன்னால் அவன் பூட்டில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று கேட்டார்கள், பெர்சிஸ் டீச்சர் கையெழுத்து உண்டுமா என்பதை மறுபடியும் ஒருமுறை கேட்டார்கள், அது இருந்தால் பையன் தங்கமான பையன் என்று பெண்வீட்டில் சொன்னார்கள். இழவு வீடுகளில் செத்தவரைப் பார்த்துச் சொல்லி அழுதது செத்தவரின் பூட்டிலேயே பூட்டிக்கொண்டது, திறக்க அவரால் மட்டுமே முடியும் என்பதால் ஒப்பாரி ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் அழுகை விளங்கியது. ஒரு வருஷத்துக்குள் ஊரில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் கழுத்தில் சாவி தொங்கியது. எல்லாப் பூட்டிலும் முதல் கையெழுத்து பெர்சிஸுடையது, பதிலுக்கு அவள் பூட்டிலும் அத்தனை பேர் கையெழுத்து இருந்தது.

சாவி செய்து கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே வாசகத்தைச் சொல்வாள். "இது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். என்கிட்டகூடக் கிடையாது. தொலைச்சிராதீங்க."

முதல் மாசம் அது உண்மை. இரண்டாவது மாசம் அந்தோணி மிக்கேல் என்ற பெரியவரின் பென் டிரைவ் வலை இழுக்கும்போது கடலில் விழுந்தது. மஸ்கட்டில் இருக்கிற மகள் போனில் அவரிடம் பேசியதெல்லாம் அன்றிலிருந்து அவருக்கு வெறும் எழுத்தும் எண்ணுமாகக் கேட்டது. புதுச் சாவி செய்யலாம், ஆனால் பழைய பூட்டு ஏறிவிட்ட மகளின் வாயில் புதுப் பூட்டு ஏற வேண்டுமென்றால் அவள் நேரில் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாற்பது எழுத்தையும் வாசிக்க வேண்டும். மகள் வந்து சேரப் பதினோரு மாதம் ஆயிற்று. அதுவரை பெரியவர் வாரந்தோறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு விளங்காத குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார், எழுதிக் கேட்டாலும் அதே கதிதான்.

அதைப் பார்த்த பிறகு பெர்சிஸ் யாருக்குச் சாவி செய்தாலும் யாருக்கும் தெரியாமல் ஒரு காப்பி எடுத்துக்கொண்டாள். எல்லாக் காப்பியும் ஒரே ஒரு சாம்பல் நிற பென் டிரைவில், அந்த பென் டிரைவ் அவள் வீட்டுத் தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பது மாதிரிதானே இது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கே சாவிக்குச் சொந்தக்காரர் தானாகத்தான் கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மாரிக்கொழுந்து, நாலாம் நம்பர் அளத்தில் உப்பு வாருகிறவள். பங்குனி மாசம் ஒரு நாள் குனிந்து வாரும்போது கயிறு அறுந்து அவள் பென் டிரைவ் பாத்திக்குள் விழுந்தது. தேடி எடுப்பதற்குள் நாலு நாள் ஆகிவிட, உப்புத்தண்ணீர் அதை அரித்துத் தின்றிருந்தது. புதன்கிழமை அதை முந்தானையில் முடிந்துகொண்டு சங்கத்துக்கு வந்தாள்.

பெர்சிஸ் அந்தத் துருவைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் இது எங்கிருந்து வந்தது டீச்சர் என்று இவள் கேட்பாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புதுச் சாவி ஒன்றைச் செய்து, புதுப் பூட்டின் நாற்பது எழுத்தையும் வாசித்துத் தன் வாயில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"புதுசு செஞ்சாச்சு மாரி. உங்க வீட்டுக்காரர வரச் சொல்லு. புதுப் பூட்ட அவரு வாசிக்கணும்."

"சீசன் நேரம் டீச்சர். ஞாயித்துக்கிழமைதான் அவருக்கு லீவு."

"ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை. மூணு நாள்தானே."

முன்பு போன நாலு நாளைப் போலவே அந்த மூன்று நாளும் வீட்டுக்காரர் கொம்பையா மாரிக்கொழுந்திடம் சொன்னது எதுவும் அவளுக்குப் புரியவில்லை. அவள் சொன்னது அவருக்குப் புரிந்தது. கல்யாணமாகி இருபது வருஷமான குடும்பத்தில் அது பெரிய இடைஞ்சலாகவும் இல்லை. அவர் ஏதோ சொல்வார், அவள் தலையாட்டுவாள், அவர் இன்னும் கொஞ்சம் சொல்வார், அவள் ஆமாம் ஆமாம் என்பாள், அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்.

சனிக்கிழமை மத்தியானம் நாலாம் நம்பர் அளத்தில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் பெல்ட் கொம்பையாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தது. ஆம்புலன்ஸில் மாரிக்கொழுந்து கூட ஏறினாள். வழியில் அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அவள் தலையாட்டவில்லை. போனை எடுத்து ரெக்கார்ட் பொத்தானை அழுத்தி அவர் வாயருகே பிடித்துக்கொண்டாள். அவர் நாலு நிமிஷம் பதினொரு வினாடி பேசினார். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் வண்டி நுழையும்போது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் போனோடு வந்தாள்.

"இதத் தொறந்து குடுங்க டீச்சர்."

பெர்சிஸ் போனைக் காதில் வைத்துக் கேட்டாள். ஒரு ஆணின் குரல், அவசரமில்லாமல், எழுத்தையும் எண்ணையும் சொல்லிக்கொண்டே போயிற்று. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது.

"பழைய பூட்டுல பூட்டியிருக்கு மாரி. பழைய சாவி இல்லாமத் திறக்காது."

"பழைய சாவிதான் கரைஞ்சு போச்சே."

"ஆமா."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாதா?"

பெர்சிஸ் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு, "முடியாது," என்றாள். சொன்னபோது அது அவள் வாயிலிருந்து மாரிக்கொழுந்தின் புதுப் பூட்டில் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு போயிற்று, பக்கத்தில் இருந்தவர்களுக்கு வெறும் எண்ணாகத்தான் கேட்டிருக்கும். பொய்யைப் பூட்டு எடுத்துக்கொள்ளாமல் விட்டால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரம் அளத்துக் கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியது. மோட்டாரை நிறுத்தாமல் கையை விடக்கூடாது என்று சொல்லியும் கேளாமல் கொம்பையா தன் இஷ்டத்துக்குக் கையை விட்டதாக அதில் இருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் தாங்கள் அந்த நேரம் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சூப்பர்வைசரோ கம்பெனி சொன்னபடியே எழுதிக் கொடுத்திருந்தார். பெர்சிஸ்தான் அந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து, பூட்டி, வக்கீலம்மாவுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு எழுந்து வெயிலிலேயே வீட்டுக்கு நடந்துபோய், நூல்கண்டுகளைத் தள்ளி, மாரிக்கொழுந்தின் சாவியை மட்டும் வேறொரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மறுபடியும் வெயிலிலேயே நடந்து அவள் வீட்டுக்குப் போனாள்.

மாரிக்கொழுந்து ஒன்றும் கேட்காமல் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனை முடுக்கினாள். எதிரில் உட்கார்ந்திருந்த பெர்சிஸுக்கு எப்போதும் போல ஙூவும் றெவும் ஏழும்தான் கேட்டது. முதல் ஒன்றரை நிமிஷம் மாரிக்கொழுந்தின் முகம் கல்லாக இருந்தது. அப்புறம் கண்ணில் நீர் வழிந்தது. மூன்றாவது நிமிஷத்தில், 'மௌ நாலு நாலு டூ' என்ற இடத்தில், அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நன்றாகவே சிரித்தாள். முடிந்ததும் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது எப்பம் எடுத்தது டீச்சர்?"

"உனக்கு முதல்ல செஞ்சு குடுத்தேன்ல, அன்னைக்கு."

"அப்ப புதன்கிழமை நான் வந்தப்ப இருந்துச்சு."

"இருந்துச்சு."

வெளியே கோழி ஒன்று குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. மாரிக்கொழுந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தினால் பரவாயில்லை, அடித்தாலும் பரவாயில்லை என்று பெர்சிஸ் காத்திருந்தாள்.

"மூணு நாள் பேசினாரு," என்றாள் மாரிக்கொழுந்து. "அது போனது போனதுதான். அத நான் ரெக்கார்ட் பண்ணல."

பிறகு கோழியை விட்டுவிட்டுப் பெர்சிஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரு சாவியும் இருக்கா?"

"முதல் மாசம் செஞ்சது தவிர எல்லாம் இருக்கு."

"அப்ப எல்லார்ட்டயும் சொல்லிருங்க டீச்சர். நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து மைதானத்தில் பெர்சிஸ் சொன்னாள். எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னதால் எல்லோருக்கும் விளங்கியது. எத்தனை சாவி, எத்தனை நாளாக, எங்கே என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கப்பழம் எழுந்தார். "யாரு பேசினதையாவது கேட்டியாம்மா?"

"ஒரே ஒரு தடவை அண்ணாச்சி. எங்க நாத்தனாரும் எங்க வீட்டுக்காரரும் அடுப்படியில நின்னு பேசினாங்க. என்னப் பத்திப் பேசற மாதிரி இருந்துச்சு. நாத்தனார் சாவியப் போட்டுக் கேட்டேன்."

மூன்றாவது வரிசையிலிருந்து அவள் கணவன் தேவசகாயம், "என்னத்தக் கேட்ட?" என்றான்.

"ஆட்டுக்கறி வேகலன்னு சொன்னீங்க."

சிலர் சிரித்தார்கள். பிறகு தாங்கள் கோபமாக இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலையிலிருந்து பெர்சிஸின் பூட்டில் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்க ஊர் வரிசையில் நின்றது. அதற்குக் கம்ப்யூட்டரில் என்ன செய்ய வேண்டும் என்று வேறு யாருக்கும் தெரியாததால் பெர்சிஸே உட்கார்ந்து செய்து கொடுத்தாள். தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக வாபஸ் வாங்கினார்கள், பங்குச் சாமியார் ஆசீர்வாதம் செய்துவிட்டு வாங்கினார், நகைக்கடைக்காரர் நாலு பேருக்கு முன்னால் புகுந்து வாங்கினார், மாரிக்கொழுந்து இரண்டாம் நாள் தன் முறை வரும்வரை நின்று வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் வரிசையில் தேவசகாயமும் நின்றான். காபி குடிச்சீங்களா என்று அவள் கேட்க, குடிச்சேன் என்று சொல்லி அவனும் வாங்கினான். நாலாம் நாள் தங்கப்பழம் எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சாம்பல் நிற பென் டிரைவை உலக்கையால் இடித்துப் பொடியாக்கினார். பெர்சிஸ் தள்ளி நின்று வழி சொல்ல, ஊர் முழுக்க அவரவர் கையாலேயே புதுச் சாவி செய்துகொண்டது. டீச்சர் கையெழுத்து இல்லாததால் ஒருவர் முகத்தை ஒருவர் மறுபடியும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன் தம்பி சண்டையில் ஆறு வருஷமாகப் பேசாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாற்பது எழுத்தையும் வாசித்து, சரிதான், சரிதான் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பேசாமல் போனார்கள். மாரிக்கொழுந்து மட்டும் பழைய சாவியையே கழுத்தில் வைத்துக்கொண்டாள், கூடவே புதுசும் ஒன்று.

பெர்சிஸுக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை, தங்கள் புதுப் பூட்டை அவளுக்கு வாசிக்கக் கொடுக்க ஆளும் இல்லை என்று ஆயிற்று. அவள் சொல்வது எல்லோருக்கும் கேட்டது, அவளிடம் சொல்வதும் எல்லோருக்கும் கேட்டது. கத்தரிக்காய் விலை கேட்டால் சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, ஏனென்றால் அடுத்தவர் பேச்சைக் கேட்டு ஊருக்கு வெகுநாள் ஆகியிருந்தது. தெருவே கேட்கும் என்பதால் தேவசகாயம் சோறு, கறி, மின்சாரம் நின்றுபோனது தவிர வேறெதையும் அவளிடம் பேசுவதில்லை. மனசில் இருப்பதை அவளிடம் சொல்ல ஊரில் ஆள் இல்லை. நாற்பத்தேழு வயதில் அவள் முதல் தடவையாகத் தன்னோடு தானே பேசிப் பார்த்தாள், அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

விசாரணை மாவட்டத் தலைநகரில், தொழிலாளர் அலுவலகத்தின் மாடியில் நடந்தது. மாரிக்கொழுந்து, ரஷீதா பானு, சாட்சி சொல்லப் பெர்சிஸ். எதிர்ப்பக்கம் கம்பெனி வக்கீல். மேஜைக்குப் பின்னால் அதிகாரி, ஓய்வு பெற இரண்டு வருஷம் இருப்பவர், எதையும் அவசரமில்லாமல் கேட்பவர். போனை முடுக்கியதும் அறை முழுவதும் எழுத்தும் எண்ணும் நிறைந்தது.

"இது பேச்சே இல்ல சார். வெறும் சத்தம்," என்றார் கம்பெனி வக்கீல். பிறகு பெர்சிஸைப் பார்த்துத் திரும்பினார். "இந்தச் சாவி இவங்களோடதுதான்னு சொல்றீங்க. உங்க பூட்டுல போட்ட கையெழுத்த இரண்டாயிரத்து முந்நூறு பேர் வாபஸ் வாங்கினது உண்மையா?"

"உண்மை."

"அப்ப உங்க வார்த்தைய எதுக்கு நம்பணும்?"

"நம்ப வேண்டாம் சார். போட்டுப் பாருங்க."

மாரிக்கொழுந்து ஏற்கெனவே கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ரஷீதா பானு அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "அம்மா, போட்டா அவரு முழுசும் கேப்பாரு. உங்களுக்குன்னு சொன்னதையும் சேர்த்து. யோசிச்சுச் சொல்லுங்க."

மாரிக்கொழுந்து யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டே இருந்தது, அது நின்று முடிகிற வரைக்கும் யோசித்தாள்.

"கேக்கட்டும்," என்றாள். "பெரிய மனுசன்தான."

அதிகாரி கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போனை முதலிலிருந்து வைக்கச் சொல்லிப் பேனாவைத் திறந்தார். முதல் ஒன்றரை நிமிஷம் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு பெயரை எழுதும்போது நிமிர்ந்து கம்பெனி வக்கீலைப் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பெர்சிஸ் மாரிக்கொழுந்தின் முகத்தைப் பார்க்காமல் ஒலியையே எண்ணிக்கொண்டிருந்தாள். 'மௌ நாலு நாலு டூ' வந்தது. அதிகாரி சிரித்துவிட்டார். சட்டென்று கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார், முடிகிற வரைக்கும் அதை எடுக்கவில்லை.

"சார், என்ன சொல்லியிருக்காரு?" என்றார் கம்பெனி வக்கீல்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு டைப்பிஸ்ட்டிடம் சொன்னார். "எழுதும்மா. மோட்டாரை நிறுத்தினால் ஏற்றிய தண்ணீர் திரும்பிவிடும் என்றும், ஓடும்போதே பெல்ட்டைத் தள்ளிவிடும்படியும் சூப்பர்வைசர் உத்தரவிட்டதாக இறந்தவர் கூறியது நேரில் கேட்டுப் பதிவு செய்யப்பட்டது. மீதி இரண்டு நிமிடம் நாற்பது வினாடி இந்த விசாரணைக்குத் தொடர்பில்லாதது." பிறகு கயிற்றைக் கழற்றி, சிக்கு எடுத்து, இரண்டு கையாலும் மாரிக்கொழுந்திடம் கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்து வந்த உத்தரவில் கொம்பையாவின் மேல் தப்பு ஒன்றும் இல்லை என்று இருந்தது. பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்த இரண்டு பேரும் அதற்குள் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

விசாரணை நடந்த அன்றைக்குச் சாயங்காலம் திரும்பி வரும் பஸ்ஸில் பெர்சிஸுக்கும் மாரிக்கொழுந்துக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டுதான் கிடைத்தது. பஸ்ஸில் பாதிப் பேர் ஆலந்துறைப்பட்டினத்துக்காரர்கள், அவரவர் பூட்டில் அவரவர் பேசிக்கொண்டு வந்தார்கள். 

பாலம் தாண்டியதும் பெர்சிஸ் கேட்டேவிட்டாள். "மாரி, அந்த இடத்துல அப்பிடி என்னதான் சொன்னாரு?"

அது பஸ் முழுவதுக்கும் கேட்டது. முன் சீட்டில் பேச்சு நின்றது, பின் சீட்டில் பேச்சு நின்றது, நின்றுகொண்டிருந்தவர்கள் கம்பியைப் பிடித்தபடியே ஒரு சாண் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

மாரிக்கொழுந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். எல்லா முகத்தையும் பார்த்தாள், கடைசியாகப் பெர்சிஸின் முகத்தைப் பார்த்தாள், அதை மற்றதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு புதுப் பூட்டு செஞ்சு வைங்க டீச்சர்," என்றாள். "காலையில அளத்துக்குப் போற வழியில வந்து நான் கையெழுத்துப் போடுதேன். அப்புறம் சொல்லுதேன்."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.